வேலையை விட்டு விலகும்போது எஞ்சியிருக்கும் ஆண்டு விடுப்பு என்ன ஆகும்?

கேள்வி: சிங்கப்பூரின் துவாஸ் பகுதியில் உள்ள ஒரு நிறுவனத்தின் கிடங்கில் எழுத்தராக மூன்று ஆண்டுகளாக வேலை செய்கிறேன். மார்ச் 1ஆம் தேதி சேர்ந்தேன். வாரத்துக்கு ஆறு நாள் வேலை. அடிப்படைச் சம்பளம் 2,400 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ஷிஃப்ட் படி 200 வெள்ளி, போக்குவரத்துப் படி 150 வெள்ளி. சென்ற ஆண்டு தீபாவளிக்கு ஊருக்குப் போகக் கேட்ட விடுப்பு மறுக்கப்பட்டதால் மூன்றாம் ஆண்டின் விடுப்பில் நான்கு நாள் மிச்சமாகிவிட்டது. இந்த ஆண்டு இரண்டு நாள் மட்டும் எடுத்திருக்கிறேன். இப்போது வேலையை விட்டு விலகுவதாக ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்திருக்கிறேன். கடைசி நாள் செப்டம்பர் 30. “பழைய விடுப்பு டிசம்பரோடு காலாவதி ஆகிவிட்டது, நீங்களாக விலகுவதால் புதிய விடுப்பும் கிடையாது” என்கிறார் மேலாளர். அது சரியா? ஒப்பந்தத்தில் சட்டப்படியான விடுப்புக்கு மேல் எதுவும் இல்லை.

பதில்: மேலாளர் சொன்ன இரண்டுமே சரியல்ல. ஆண்டு விடுப்பு முதலாளி மனம் வைத்துத் தரும் சலுகை அன்று. மாதாமாதம் உழைத்து நீங்கள் ஈட்டுவது. ஆகவே வேலையை விட்டு விலகுகிறீர்கள் என்ற ஒரே காரணத்தால் அது மறைந்துவிடாது.

முதலில் உங்களுக்குச் சேர வேண்டியது எவ்வளவு என்று பார்ப்போம். சிங்கப்பூரின் வேலை நியமனச் சட்டப்படி, ஒரே முதலாளியிடம் மூன்று மாதம் வேலை செய்து முடித்த ஊழியருக்கு ஆண்டு விடுப்புக்கான உரிமை பிறக்கிறது. முதலாம் ஆண்டில் ஏழு நாள். அதன்பின் ஆண்டுக்கு ஒரு நாளாகக் கூடி, எட்டாம் ஆண்டிலிருந்து பதினான்கு நாள். பொது விடுமுறைகளும் வாராந்தர ஓய்வு நாளும் மருத்துவ விடுப்பும் இந்தக் கணக்கில் வரமாட்டா, அவை தனி. நீங்கள் இப்போது நான்காம் ஆண்டில் இருப்பதால் முழு ஆண்டுக்குப் பத்து நாள். மார்ச் முதல் செப்டம்பர் வரை ஏழு மாதம் நிறைவடைகிறது என்பதால், பத்தைப் பன்னிரண்டால் வகுத்து ஏழால் பெருக்கினால் 5.83 வருகிறது. அரை நாளுக்குக் குறைந்த பின்னத்தை விட்டுவிட வேண்டும், அரை நாளோ அதற்கு மேலோ வந்தால் ஒரு நாளாகக் கொள்ள வேண்டும் என்பது விதி. எனவே ஆறு நாள். எடுத்துவிட்ட இரண்டு நாளைக் கழித்தால் நான்கு.

அடுத்து, சென்ற ஆண்டின் நான்கு நாள். இங்குதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். மாதம் 2,600 வெள்ளி வரை அடிப்படைச் சம்பளம் பெறும் அலுவலக ஊழியர்களும், 4,500 வெள்ளி வரை பெறும் உடலுழைப்புத் தொழிலாளர்களும் சட்டத்தின் நான்காம் பகுதிக்குள் வருகிறார்கள். அவர்கள் ஒரு சேவை ஆண்டில் எடுக்காத சட்டப்படியான விடுப்பை அடுத்த பன்னிரண்டு மாதங்களுக்குள் எடுத்துக்கொள்ளலாம். உங்கள் அடிப்படைச் சம்பளம் 2,400 வெள்ளி என்பதால் அந்தப் பாதுகாப்பு உங்களுக்கு உண்டு. உங்கள் மூன்றாம் சேவை ஆண்டு முடிந்தது பிப்ரவரியின் கடைசி நாளில். நிறுவனம் தன் வசதிக்காக ஜனவரி முதல் டிசம்பர் வரை கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தக் கணக்கைக் காட்டிச் சட்டம் தரும் குறைந்தபட்ச உரிமையைக் குறைக்க முடியாது. ஆக, மொத்தம் எட்டு நாள் உங்களுடையது. மேலாளர், நிர்வாகி போன்ற பதவிகளில் இருப்போருக்கும் 2019 ஏப்ரல் 1 முதல் சம்பள வரம்பின்றி ஆண்டு விடுப்பு உரிமை உண்டு. ஆனால் மிச்சத்தை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்வது அவர்களுடைய ஒப்பந்தத்தைப் பொறுத்தது.

தீபாவளிக்கு விடுப்பு மறுத்ததைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எந்தத் தேதியில் விடுப்பு என்பதில் வேலை நிலைமையைக் காட்டி மறுக்க நிறுவனத்துக்கு இடமுண்டு. ஆனால் தானே மறுத்துவிட்டு, பிறகு “நீங்கள் எடுக்கவில்லை, அதனால் போய்விட்டது” என்று சொல்வது நியாயமே அல்ல. மறுப்பு வாட்ஸ்அப் செய்தியாக வந்திருந்தாலும் அதைப் பத்திரமாக வைத்திருங்கள்.

இப்போது அந்த எட்டு நாளை எப்படிப் பயன்படுத்துவது என்பதை நீங்கள் முடிவு செய்ய வேண்டும். மூன்று வழிகள் உள்ளன. பெயரளவில் இவை ஒன்றுபோலத் தோன்றினாலும் கையில் கிடைக்கும் பணமும் கடைசி நாளும் மாறுபடும்.

முன்னறிவிப்புக் காலத்திலேயே விடுப்பில் இருப்பது ஒரு வழி. அப்போது செப்டம்பர் 30 வரை நீங்கள் அந்த நிறுவனத்தின் ஊழியர்தான். முழு மாதச் சம்பளமும் கிடைக்கும். ஆனால் அந்த நாள்களில் வேறு நிறுவனத்தில் வேலைக்குச் சேர முடியாது.

விடுப்பைக் கொண்டு முன்னறிவிப்புக் காலத்தைக் குறைத்துக்கொள்வது இன்னொன்று. கடைசி நாள் முன்னதாகவே வந்துவிடும். சம்பளமும் அந்த நாள் வரைதான். புதிய இடத்தில் சீக்கிரம் சேர வேண்டியவருக்கு இது பொருந்தும். ஆனால் உங்கள் விஷயத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கடைசி நாள் செப்டம்பர் 30லிருந்து பின்னோக்கி நகர்ந்தால் ஏழாவது மாதம் நிறைவடையாது. ஆறு மாதத்துக்கு ஐந்து நாள் என்று கணக்கிட நிறுவனத்துக்கு இடம் கிடைக்கும்; எட்டு நாள் ஏழாகிவிடும். ஏழு வேலை நாளைக் கழித்தால் உங்கள் கடைசி நாள் செப்டம்பர் 22 வாக்கில் அமையும். இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். இந்த வழியைத் தேர்ந்தெடுத்தால் புதிய கடைசி நாளுக்கு நிறுவனத்தின் ஒப்புதலை எழுத்தில் பெறாமல் வேலைக்கு வராமல் இருந்துவிடாதீர்கள்.

மூன்றாவது, கடைசி நாள் வரை வேலை செய்துவிட்டு, எடுக்காத விடுப்புக்குப் பணம் பெறுவது. ஒரு நாளுக்கான தொகையை மொத்தச் சம்பள வீதத்தில் கணக்கிட வேண்டும். ஷிஃப்ட் படி அதில் சேரும்; போக்குவரத்து, உணவு, தங்குமிடப் படிகளும் மிகைநேர ஊதியமும் போனஸும் சேரா. ஆகவே உங்கள் கணக்குக்கு 2,600 வெள்ளி. அதைப் பன்னிரண்டால் பெருக்கி, 52 வாரத்தையும் வாரத்துக்கு ஆறு நாளையும் பெருக்கி வரும் 312ஆல் வகுத்தால் ஒரு நாளுக்குச் சரியாக 100 வெள்ளி. எட்டு நாளுக்கு 800 வெள்ளி. அடிப்படைச் சம்பளத்தை மட்டும் வைத்து முப்பதால் வகுத்து நாளுக்கு 80 வெள்ளி என்று யாராவது கணக்குக் காட்டினால் ஏற்காதீர்கள். முன்னறிவிப்பை முழுமையாக நிறைவேற்றிய ஊழியருக்கு இறுதிச் சம்பளத்தைக் கடைசி நாளன்றே கொடுத்துவிட வேண்டும்.

புதிய நிறுவனம் அவசரப்படுத்தவில்லை என்றால் மூன்றாவது வழியையே நான் பரிந்துரைப்பேன். ஒரு நாள்கூட வீணாகாது.

விடுப்பை இழக்கும் சூழல்களும் உண்டு. முறையான விசாரணைக்குப் பின் ஒழுங்கீனத்துக்காகப் பணிநீக்கம் செய்யப்பட்டவர், அனுமதியோ தக்க காரணமோ இன்றி மாதத்தின் அல்லது ஆண்டின் வேலை நாள்களில் 20 விழுக்காட்டுக்கு மேல் வராதவர் ஆகியோர் உரிமையை இழக்கலாம். இவை உங்களுக்குப் பொருந்தவில்லை.

இன்றே மேலாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். சேர்ந்த தேதி, கடைசி நாள், எட்டு நாளுக்கான கணக்கு, நீங்கள் தேர்ந்தெடுத்த வழி ஆகியவற்றைச் சுருக்கமாக எழுதி, எழுத்தில் பதில் கேளுங்கள். ஒப்பந்தம், சம்பளச் சீட்டுகள், விடுப்புப் பதிவு ஆகியவற்றின் நகல்களையும் இப்போதே எடுத்துவையுங்கள். வேலையை விட்ட பிறகு நிறுவனத்தின் செயலிக்குள் உங்களால் நுழைய முடியாமல் போகலாம்.

அதற்கும் பணம் வரவில்லையென்றால், முதலாளி–ஊழியர் தகராறுகளைக் கையாளும் அமைப்பான சச்சரவு நிர்வாகத்துக்கான முத்தரப்புக் கூட்டணியிடம் கோரிக்கை பதிவு செய்யலாம். அங்கே முதலில் சமரசப் பேச்சு நடக்கும். தீர்வு ஏற்படாவிட்டால் விவகாரம் வேலை நியமனக் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குச் செல்லும். வேலையை விட்டவர்கள் கடைசி நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் பதிவு செய்ய வேண்டும். உங்களுக்கு அது மார்ச் மாத இறுதி. “அடுத்த மாதம் தருகிறோம்” என்ற வாய்மொழியை நம்பி அந்தக் கெடுவைத் தவறவிட்டுவிடாதீர்கள்.