மூணாறு – மாட்டுப்பட்டி பழைய ரயில் தடம்: எஞ்சினை இப்போதே வாங்கலாமா?

கேள்வி: மூணாறு எஸ்டேட் பகுதியில் பிறந்து வளர்ந்த நாங்கள் இருபது பேர் சேர்ந்து, 1924 வெள்ளத்தில் அழிந்துபோன குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலை மாட்டுப்பட்டி வரையிலாவது தன்னார்வலர்களைக் கொண்டே மீண்டும் ஓட்ட விரும்புகிறோம். எங்களில் நால்வர் ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள். ஒரு சர்க்கரை ஆலையில் கிடக்கும் பழைய குறும்பாதை (அகலம் குறைந்த பாதை) நீராவி எஞ்சினை விலைக்குத் தருவதாகச் சொல்கிறார்கள். கையில் சேர்ந்திருக்கும் பணத்தில் முதலில் அதை வாங்கிவிடலாமா?

பதில்: இப்போது வாங்க வேண்டாம். பாதை பராமரிப்பிலேயே பணிக்காலத்தைக் கழித்தவன் என்பதால் எனக்கு எஞ்சின் மீது சற்று ஓரவஞ்சனை உண்டு என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் தன்னார்வலர்கள் நடத்திய முதல் ரயில் பாதையின் அனுபவமும் இதையேதான் சொல்கிறது. வேல்ஸ் நாட்டில், கற்பலகைச் சுரங்கத்துக்காக 1860-களில் போடப்பட்ட டாலிலின் பாதையின் உரிமையாளர் 1950-இல் இறந்தபோது, பர்மிங்காமில் கூடிய ஆர்வலர்கள் சங்கம் அமைத்து, 1951 மே 14 அன்று தாங்களே ரயிலை ஓட்டத் தொடங்கினார்கள். மூடப்பட்டுவிட்ட பக்கத்துப் பாதையான கோரிஸிலிருந்து இரண்டு எஞ்சின்களைத் தலைக்கு 25 பிரிட்டிஷ் பவுண்ட் கொடுத்து வாங்கியது பெரிய அதிர்ஷ்டமாகத்தான் தோன்றியது. பாதையின் அகலம் கணக்குப்படி 686 மி.மீ.; உண்மையில் அதைவிட ஏறத்தாழ அரை அங்குலம் அகலமாகப் போடப்பட்டிருந்தது. வந்து சேர்ந்த எஞ்சின்களில் ஒன்றின் சக்கரப் பட்டைகள் குறுகியவை என்பதால், அது ஓடத் தொடங்கியதுமே அடிக்கடி தடம் புரண்டது. அந்த ஆண்டுப் போக்குவரத்தின் சுமை ஏறத்தாழ முழுவதையும் 1866-இல் செய்யப்பட்ட ஒரு கிழட்டு எஞ்சின்தான் இழுத்தது. எஞ்சின் மலிவாகக் கிடைக்கலாம். அதைத் தாங்கும் பாதை மலிவாகக் கிடைப்பதில்லை.

அந்தச் சங்கத்துக்கு, எவ்வளவு தேய்ந்திருந்தாலும், தொடர்ச்சியான ஒரு பாதை கைக்கு வந்தது. உங்களுக்கு அதுவும் இல்லை. 1902-இல் மாடுகள் இழுத்த ஒற்றைத் தண்டவாளப் பாதையாகத் தொடங்கி, 1908-இல் 610 மி.மீ. அகல இலகு ரயிலாக மாறி, டாப் ஸ்டேஷன் வரை தேயிலையைக் கொண்டுபோய், அங்கிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறக்கிப் போடிநாயக்கனூருக்கு அனுப்பிவந்த அந்த அமைப்பில், பெரியவர்கள் ‘தொண்ணூற்றொன்பதாம் வெள்ளம்’ என்று சொல்லும் கொல்லம் ஆண்டு 1099-இன் பெருமழைக்குப் பிறகு மிஞ்சியது தடம் மட்டுமே. (ஒற்றைத் தண்டவாள முறை எப்படி இருந்தது என்று பார்க்க விரும்பினால், அதே வகையைச் சேர்ந்த பாட்டியாலா ரயிலின் எஞ்சின் டெல்லி ரயில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.) அந்தத் தடத்திலும் பல பகுதிகள் இன்று சாலையாகிவிட்டன. போதாததற்கு, குண்டளை அணை 1946-இலும் மாட்டுப்பட்டி அணை 1953-இலும் கட்டி முடிக்கப்பட்டவை. அதாவது, 1924-க்கு முந்தைய எந்த வரைபடத்திலும் அந்த நீர்த்தேக்கங்கள் இருக்காது. எனவே உங்கள் முதல் செலவு, பழைய தடத்தை இன்றைய சாலை, அணையின் முழுக் கொள்ளளவு நீர்மட்டம், வன எல்லை, தேயிலைக் கம்பெனியின் எல்லை ஆகியவற்றின் மேல் பொருத்திக் காட்டும் ஒரு நில அளவை வரைபடமாக இருக்க வேண்டும்.

நீர் குறுக்கிடும் இடத்தில் என்ன செய்வது என்பதற்கும் வேல்ஸிலேயே முன்னுதாரணம் உண்டு. ஃபெஸ்டினியோக் பாதையை 1955 முதல் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவந்த தன்னார்வலர்கள், தங்கள் பழைய தடத்தின் ஒரு பகுதியை மின்நிலைய நீர்த்தேக்கம் விழுங்கியபோது, இழப்பீட்டுக்காக நீண்ட வழக்கும் நடத்திக்கொண்டு, 1965-இல் மண்வெட்டியோடு இறங்கி, பாதையை ஒரு சுருளாகச் சுற்றி மேலேற்றி, 1978-இல்தான் நீர்த்தேக்கத்தைத் தாண்டினார்கள். ஏறத்தாழ 4 கி.மீ. மாற்றுப்பாதைக்குப் பதின்மூன்று ஆண்டுகள் ஆயின. நம் மலையில் இதைச் செய்ய நான் உங்களைத் தூண்ட மாட்டேன். அங்கே பாறை, இங்கே ஜூன் முதல் விடாத மழையில் ஊறும் செம்மண் சரிவு. 2020 ஆகஸ்டில் பெட்டிமுடியில் நடந்த நிலச்சரிவை அறிந்த உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. சரிவு பற்றி ஒரு நிலவியலாளரின் எழுத்து மூலமான அறிக்கை இல்லாமல் ஒரு கூடை மண்ணைக்கூட வெட்டாதீர்கள். பாதைக்கு மேற்புறம் மழைநீரைத் தடுத்துத் திருப்பும் கால்வாயும், அந்த நீர் பாதைக்கு அடியில் கடந்துபோகும் சிறு பாலங்களும்தான் மலைப்பாதையின் உயிர். ஜல்லியும் தண்டவாளமும் அதற்குப் பிறகுதான்.

அடுத்தது சட்டம். 1989-ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம், ‘ரயில்வே’ என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்திலிருந்து, பொருட்காட்சித் திடல், சந்தை, பூங்கா போன்ற இடங்களில் முழுக்கப் பொழுதுபோக்குக்காக மட்டும் போடப்படும் தண்டவாளங்களை விலக்கி வைத்திருக்கிறது. திருவனந்தபுரம் வேளியில் 2020-இல் தொடங்கப்பட்ட, சூரிய மின்சக்தியில் இயங்கும் சிறிய ரயில், ஒரு சுற்றுலா வளாகத்துக்குள் இப்படி ஒரு பாதை அமைய முடியும் என்பதற்கு அருகிலிருக்கும் எடுத்துக்காட்டு. ஆனால் பொதுச் சாலையைக் கடந்து, ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் பயணிகளைக் கொண்டுசெல்லும் சுமார் 13 கி.மீ. பாதையை ‘பூங்காவுக்குள் ஓடும் ரயில்’ என்று வாதிடுவது கடினம். அது ரயில்வே சட்டத்துக்குள் வந்துவிட்டால், மத்திய அரசின் அனுமதியும் ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் ஆய்வும் இல்லாமல் பயணிகளை ஏற்ற முடியாது. இதற்கு மேல் நிலத்தின் சிக்கல். 1971-ஆம் ஆண்டின் கண்ணன் தேவன் மலை நில மீட்புச் சட்டத்துக்குப் பிறகு, எந்த நிலம் கம்பெனியிடம், எது அரசிடம் என்பதை ஒவ்வொரு சர்வே எண்ணாகப் பார்த்துத்தான் சொல்ல முடியும். யானைகள் இறங்கும் வழிகளை வனத்துறையிடம் கேட்டு வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இரவு ஓட்டம் என்ற பேச்சே வேண்டாம்.

ஆகவே என் யோசனை, ஒரே உரிமையாளரின் நிலத்துக்குள், சாலையைக் கடக்காத, ஏறத்தாழச் சமதளமான ஒரு கிலோமீட்டர். இது உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். இங்கிலாந்தின் புளூபெல் பாதை 1960-இல் ஏறத்தாழ 8 கி.மீ. தூரத்துக்குத்தான் திறக்கப்பட்டது, குப்பை கொட்டி நிரப்பப்பட்டிருந்த ஒரு பள்ளத்தைத் தோண்டிக் காலி செய்து அவர்கள் ஈஸ்ட் கிரின்ஸ்டெட் நகரத்தை எட்டியது 2013-இல். அதற்குள் இரண்டு தலைமுறை கடந்திருந்தது.

ஒரு கிலோமீட்டருக்கு என்ன தேவை என்று பாருங்கள். 610 மி.மீ. பாதைக்கு மீட்டருக்கு 15 கிலோ எடையுள்ள இலகு தண்டவாளம் என்று கொண்டால் இரண்டு வரிசைக்கும் சேர்த்து 30 டன்; 75 செ.மீ. இடைவெளியில் ஸ்லீப்பர்கள் (தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குத் தாங்கிகள்) ஏறத்தாழ 1,330. மாட்டுப்பட்டி வரை இதைப் பெருக்கினால் 390 டன் இரும்பும் 17,000-க்கு மேற்பட்ட ஸ்லீப்பர்களும் ஆகும். ஸ்லீப்பரில் மரத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஈரமும் கரையானும் சேர்ந்தால் நல்ல கட்டைகூட நீடிப்பதில்லை. இரும்பு ஸ்லீப்பர் கிடைத்தால் விலை கூடினாலும் அதையே வாங்குங்கள்.

இருபது பேர் போதுமா என்பதையும் இப்படியே கணக்கிடலாம். ஓட்டுநர், நெருப்புக்காரர், கார்டு, டிக்கெட்டுக்கும் கூட்டத்துக்கும் மூவர், காலையில் பாதையை நடந்து பார்க்க இருவர் என ஒரு நாளுக்கு எட்டுப் பேர் வேண்டும். சனி, ஞாயிறு மட்டும் ஓட்டினாலும் மாதம் ஏறத்தாழ எழுபது ஆள் நாட்கள். ஒருவர் மாதம் இரண்டு நாள் தருவார் என்றால் முப்பத்தைந்து பேர் வேண்டும், பாதை வேலைக்கு ஆள் இல்லாமலே. எனவே முதல் ஆண்டில் பணத்தைவிட ஆளைச் சேருங்கள். ஓய்வு பெற்ற உங்கள் நால்வரும், பழைய கீமேன் அல்லது கேங்மேன் (பாதையைப் பார்த்துப் பராமரிக்கும் ஊழியர்) ஒருவர் கிடைத்தால் அவரும் சேர்ந்து, ஐம்பது மீட்டர் பயிற்சிப் பாதை ஒன்றைப் போட்டு, தள்ளு டிராலி வைத்து இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுக்கலாம். கேஜ் (தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம்) பிடிப்பது, ஜல்லி இடிப்பது, ஃபிஷ் பிளேட் (தண்டவாளங்களை இணைக்கும் தகடு) போல்ட்டுக்கு எண்ணெய் விடுவது இவையெல்லாம் மழையில் நின்று செய்தால்தான் வரும். புகைப்படம் எடுக்க வருபவர் யார், வேலைக்கு வருபவர் யார் என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

அமைப்பைப் பொறுத்தவரை, இடுக்கி பழைய திருவிதாங்கூர்ப் பகுதி என்பதால் 1955-ஆம் ஆண்டின் திருவிதாங்கூர்–கொச்சி சங்கப் பதிவுச் சட்டத்தின் கீழ் ஏழு பேரே சங்கம் பதிவு செய்துவிடலாம். பயணிகளை ஏற்றும் நிலை வரும்போது, பொறுப்பும் காப்பீடும் ஒரு தனிக் கம்பெனியின் பேரில் இருப்பது நல்லது. இல்லையென்றால் ஒரு விபத்தின் சுமை சங்க நிர்வாகிகளின் வீட்டு வாசலுக்கு வரும்.

கடைசியாக அந்த எஞ்சின். ஆலைக்காரர் வேறு யாருக்கும் விற்பதற்கு முன் உங்களிடம் கேட்பார் என்று ஒரு கடிதம் மட்டும் வாங்கி வையுங்கள். நேரில் போகும்போது பாதை அகலம், அச்சுகளுக்கு இடையிலான தூரம், ஒவ்வோர் அச்சின் எடை, சக்கரப் பட்டையின் தேய்மானம் ஆகிய நான்கையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கொதிகலத் தகட்டின் கனத்தை மீயொலிக் கருவியால் அளக்கச் செய்து, அந்த அளவுகளைத் தொழிற்சாலைகள் மற்றும் கொதிகலன்கள் துறையின் ஆய்வாளரிடம் காட்டி, நீர் அழுத்தச் சோதனைக்கு அது தாங்குமா என்று கேளுங்கள். தாங்காது என்றால், அதைப் பழைய இரும்பு விலைக்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கொடுத்து வாங்காதீர்கள். ஒரு சிறிய டீசல் எஞ்சினோடு தொடங்குங்கள்.