இன்சுலினை ஏன் மாத்திரையாக விழுங்க முடியாது?

கேள்வி: என் அம்மாவுக்கு 61 வயது. சர்க்கரை நோய்க்காகத் தினமும் இரண்டு வேளை இன்சுலின் போட்டுக்கொள்கிறார். ஊசிக்குப் பயந்து சில நாட்கள் விட்டுவிடுகிறார். இன்சுலினும் புரதம்தானே, பருப்பு, முட்டை போல வாய்வழியாகக் கொடுத்தால் உடலில் சேராதா?

பதில்: இன்சுலின் ஒரு புரதம் என்று நீங்கள் எழுதியிருப்பது சரி. அதை வாய்வழியாகக் கொடுக்க முடியாததற்கும் அதுவே காரணம்.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்ற சிறு மூலக்கூறுகளைக் கோத்த சங்கிலி. ஓர் அமினோ அமிலத்தின் கார்பாக்சில் தொகுதி அடுத்த அமினோ அமிலத்தின் அமினோ தொகுதியோடு சேரும்போது, ஒரு நீர் மூலக்கூறு வெளியேறி, பெப்டைடு பிணைப்பு உண்டாகிறது. இப்படி 21 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சங்கிலியும் 30 கொண்ட மற்றொன்றும், இரண்டு கந்தகப் பாலங்களால் இணைந்ததே இன்சுலின். இதைப் பூச்சரத்துக்கு ஒப்பிடுவார்கள். ஆனால் சரத்தில் பூக்களை இடம் மாற்றினாலும் அது சரம்தான், இங்கோ வரிசை மாறினால் குணமே மாறிவிடும். இரண்டாவது சங்கிலியின் 28, 29ஆம் அமினோ அமிலங்களை இடம் மாற்றியதும், மூலக்கூறுகள் ஆறாறாக ஒட்டிக்கொள்ளும் தன்மை குறைந்து, விரைவாக வேலை செய்யும் லிஸ்ப்ரோ இன்சுலின் கிடைத்தது.

இன்சுலினை விழுங்கினால், இரைப்பையின் அமிலம் அதன் மடிந்த வடிவத்தைக் குலைக்க, அங்குள்ள பெப்சினும் சிறுகுடலில் டிரிப்சினும் ஆகிய செரிமான நொதிகள் பெப்டைடு பிணைப்புகளை அறுத்துவிடும். பருப்பின் புரதத்துக்கும் இதே கதிதான். இரத்தத்தில் கலப்பவை பெரும்பாலும் தனித்தனி அமினோ அமிலங்களே. உங்கள் தாயாரின் உடலில் அவற்றுக்குப் பஞ்சமில்லை; அவற்றை உரிய வரிசையில் இன்சுலினாகக் கோக்கும் கணையத்தின் பீட்டா செல்களின் திறன்தான் குறைந்துவிட்டது.

செமாகுளூடைடு என்ற பெப்டைடு (சிறிய அமினோ அமிலச் சங்கிலி) வகைச் சர்க்கரை நோய் மருந்து மாத்திரையாகக் கிடைக்கிறதே என்று கேட்கலாம். உறிஞ்சுதலுக்கு உதவும் துணைப்பொருளோடு கொடுத்தும், அதில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்குதான் இரத்தத்தை அடைகிறது. அளவு சற்றுக் கூடினாலே சர்க்கரை தாழ்ந்துவிடும் இன்சுலினில், நாளுக்கு நாள் மாறும் உறிஞ்சுதலை நம்ப இயலாது.

தாயாரின் பயத்தை அலட்சியப்படுத்த வேண்டாம். பேனா ஊசிகளில் 4 மில்லிமீட்டர் நீளமுள்ள மெல்லியவை உண்டு. அவற்றுக்கு மாற முடியுமா என்று கேளுங்கள். ஊசியை விட்ட நாட்களையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். அது தெரியாமல் அவர் அளவைக் கூட்டினால், ஒழுங்காகப் போடும் நாளில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடக்கூடும்.