மத்தேரா பள்ளத்தாக்கில் ஓட ரோடு ஷூ போதுமா?

ஜூலையில் இத்தாலியின் மத்தேரா போறீங்க, ரோடு ஷூவோடயே பள்ளத்தாக்கைத் தாண்டி குகைக் கோயில்கள் வரை ஓடலாமான்னு கேட்டிருந்தீங்க. ஓடலாம்ங்க, ஆனா அந்த ஷூ வேண்டாம், கரடுமுரடுப் பாதைக்கான ட்ரெயில் ஷூ எடுத்துக்குங்க. பழைய ஊரோட போர்த்தா பிஸ்தோலா வாசல்லேருந்து பள்ளத்தாக்குக்குக் கீழே ஓடுற கிராவினா ஓடை வரைக்கும் செங்குத்து இறக்கம். சுண்ணாம்புக்கல், ஆள் நடந்து நடந்து வழவழன்னு ஆகிக் கிடக்கு. பனி ஈரத்துக்கே சறுக்கும். நானா இருந்தா அந்த இடத்தை நடந்துதான் இறங்குவேன், கௌரவம் பார்க்காம.

கீழே தொங்குபாலம். மழை பெய்தா மூடிடலாம், முதல்நாளே விசாரிச்சுக்குங்க. பாலம் தாண்டி அக்கரை ஏறிட்டா முர்ஜா மேடு, கால் நீட்டி ஓடலாம். நிழல்தான் பொட்டு கிடையாது. இருட்டு பிரியறப்பவே கிளம்புங்க. சூரியன் உங்க முதுகுப் பக்கம் எழும், எதிரே பாறையைக் குடைஞ்சு கட்டின சஸ்ஸி வீடுகள் மேல வெளிச்சம் படும். அங்க பத்து நிமிஷம் நின்னா நேரக்கணக்கு கெட்டுப்போகாது. குகைக்குள்ள சுவரோவியம் இருந்தா வேர்வைக் கையை மட்டும் வைச்சுடாதீங்க.