பழைய டெஸ்க்டாப்பில் பிராசசர் மாற்றலாமா? கேள்வி பதில்

கேள்வி: ஐயா, என்னிடம் எச்61 மதர்போர்டு, ஐ3-2120 பிராசசர், 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க் உள்ளன. கணினி திறக்கவே ஐந்து நிமிடம் ஆகிறது. ஐ7-3770 வாங்கிப் பொருத்தலாமா?

பதில்: பொருத்தலாம். ஆனால் பணம் கொடுப்பதற்கு முன் கணினி எந்த இடத்தில் திணறுகிறது என்று பாருங்கள். வேகம் குறையும் வேளையில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, டிஸ்க் பயன்பாடு 100 விழுக்காட்டில் நிற்க, பிராசசர் பயன்பாடு 20, 30 விழுக்காட்டிலேயே இருக்கக் கண்டால், பிராசசர் வேலையின்றிக் காத்திருக்கிறது என்று பொருள். அதன் இடத்தில் ஐ7 வந்தாலும் அதுவும் காத்துத்தான் கிடக்கும். திறக்கவே ஐந்து நிமிடம் என்றால் எனக்கு ஹார்டு டிஸ்க் மீதுதான் ஐயம். எச்61 போர்டின் சாட்டா இணைப்பு (டிஸ்க்கைப் போர்டோடு இணைக்கும் வழி) வினாடிக்கு 3 ஜிகாபிட்டைத் தாண்டாது. ஆயினும் அதில் ஓர் எஸ்எஸ்டி (சுழலும் தட்டில்லாத வேகமான சேமிப்பகம்) பொருத்தினாலே வேறுபாடு கண்கூடாகத் தெரியும். அத்துடன் ரேமை 8 ஜிபியாக்குங்கள்.

அதன் பிறகும் காணொளித் தொகுப்பு போன்ற பணிகளில் பிராசசர் 100 விழுக்காட்டைத் தொட்டால் ஐ7-3770 தக்க தேர்வுதான். இப்போதுள்ளது 2 கோர் (கணக்கிடும் மையம்), 4 திரெட் (ஒரே வேளையில் ஓடும் பணிவரிசை), 65 வாட். அதுவோ 4 கோர், 8 திரெட், 77 வாட். இரண்டுக்கும் சாக்கெட் (போர்டில் பிராசசர் அமரும் இடம்) எல்ஜிஏ 1155. ஆனால் எச்61 போர்டுகள் 2011இல் இன்டெல்லின் இரண்டாம் தலைமுறைக்காக (ஐ3-2120 இதில் ஒன்று) வந்தவை. 2012இல் வந்த மூன்றாம் தலைமுறையை (ஐ7-3770 இதில் ஒன்று) பழைய பயாஸ் (கணினி தொடங்கும்போது முதலில் ஓடும், போர்டில் பதிந்த மென்பொருள்) அடையாளம் காணாது, திரையில் எதுவும் வராது. எனவே பழைய பிராசசர் சாக்கெட்டில் இருக்கும்போதே, யுபிஎஸ் துணையுடன், பயாஸைப் புதுப்பித்துவிடுங்கள். புதுப்பிக்கும்போது மின்சாரம் போனால் போர்டே பயனற்றுப் போகக்கூடும்.

கேள்வி: ஐ5-650 இருக்கும் போர்டில் ஐ5-3470 பொருந்துமா?

பதில்: பொருந்தாது. முன்னது எல்ஜிஏ 1156, பின்னது 1155.

கேள்வி: எச்110 போர்டு, ஐ3-6100. சாக்கெட் 1151தான் என்பதால் ஐ5-8400 வாங்க எண்ணியுள்ளேன்.

பதில்: வாங்காதீர்கள். சாக்கெட்டின் பெயர் ஒன்றாக இருந்தாலும் ஐ5-8400 போன்ற எட்டாம் தலைமுறைக்கு 300 வரிசை சிப்செட் (போர்டின் கட்டுப்பாட்டுச் சில்லு) வேண்டும். உங்கள் போர்டில் ஏழாம் தலைமுறை வரை போகலாம், பயாஸைப் புதுப்பித்த பிறகு.

கேள்வி: ஏ320 போர்டில் ரைசன் 3 1200 வைத்திருக்கிறேன். ரைசன் 5 5600க்கு மாற விரும்புகிறேன், அண்ணா.

பதில்: இன்று வந்த கேள்விகளில் என் மனத்துக்கு மிகவும் நிறைவளித்த கேள்வி இது, தம்பி. 2017இல் வாங்கிய போர்டில், அதே ரேமுடன், 4 திரெட்டிலிருந்து 12 திரெட்டுக்குப் போகிறீர்கள். மின்தேவையோ இரண்டுக்கும் 65 வாட்தான். விண்டோஸ் 11இன் ஆதரவுப் பட்டியலில் 1200 இல்லை, 5600 உண்டு. விண்டோஸ் 10இன் ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்ட நிலையில் இது சிறிய ஆதாயம் அன்று. போர்டு நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடலின் பட்டியலில் 5600 இருக்கிறதா, எந்த பயாஸ் பதிப்பிலிருந்து இருக்கிறது என்று பார்த்து, பழைய பிராசசர் இருக்கும்போதே பயாஸைப் புதுப்பியுங்கள்.

கழற்றும்போது மிகுந்த கவனம் தேவை. உங்கள் போர்டின் சாக்கெட்டான ஏஎம்4இல் பின்கள் பிராசசரின் அடியில் இருக்கின்றன. பிராசசரின் மேல் பூசிய தெர்மல் பேஸ்ட் காய்ந்து, சூட்டைத் தணிக்கும் ஹீட்சிங்கோடு ஒட்டிக்கொண்டிருக்க, நேராக மேலே இழுத்தால், பூட்டிய சாக்கெட்டிலிருந்து பிராசசரும் கூடவே பிடுங்கிக்கொண்டு வரும். எனக்கே ஒருமுறை அப்படி இரண்டு பின்கள் வளைந்து, ஒரு மாலை முழுவதும் சவர பிளேடால் நிமிர்த்த வேண்டியதாயிற்று. கணினியைப் பத்து நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கியபின், ஹீட்சிங்கை இடமும் வலமும் மெல்லத் திருகி எடுங்கள்.

கேள்வி: மடிக்கணினியில் மாற்ற முடியுமா?

பதில்: பெரும்பாலானவற்றில் பிராசசர் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். இங்கே நான் டெஸ்க்டாப்புக்கு மட்டுமே விடை சொல்கிறேன்.

கேள்வி: என் பழைய கணினியில் ஐ7 போடலாமா?

பதில்: எந்தப் போர்டு? அதைச் சொல்லாமல் விடை சொல்ல இயலாது.

கேள்வி: ஜி41 போர்டுக்கு கோர் 2 குவாட் தேடுவதைவிட, 771 சாக்கெட்டின் ஜியான் (இன்டெல்லின் சர்வர் பிராசசர்) இ5450ஐ ஸ்டிக்கர் ஒட்டிப் பொருத்துவது மலிவு. இதை ஏன் எவருக்கும் பரிந்துரைப்பதில்லை?

பதில்: அந்த வழி உண்மையில் செயல்படும். 771க்கும் உங்கள் போர்டின் 775க்கும் இடையே இடம் மாறியிருக்கும் இரண்டு தொடுபுள்ளிகளை ஸ்டிக்கர் குறுக்காக இணைக்கிறது; பக்கவாட்டுப் பள்ளங்கள் வேறிடத்தில் இருப்பதால் சாக்கெட்டின் பிளாஸ்டிக் முனைகளை வெட்ட வேண்டும். இங்கே பின்கள் போர்டில் இருக்கின்றன. கத்தி வழுக்கி அவற்றில் பட்டால் போர்டு வீணாகும். முதன்முறை கணினியைத் திறப்பவரிடம் இதைச் சொல்ல எனக்கு மனம் வராது.

மறுப்பு: ஐந்து ஆண்டுகளாக நான் அப்படித்தான் ஓட்டுகிறேன். 3 கிகாஹெர்ட்ஸ், 12 எம்பி கேச். தாங்கள் மிகையாக அச்சுறுத்துகிறீர்கள்.

பதில்: உங்கள் கைத்திறனை மதிக்கிறேன். ஆனால் என் தயக்கத்துக்கு வேறு காரணமும் உண்டு. அந்தத் தலைமுறையில் எஸ்எஸ்இ 4.2 என்னும் பிராசசர் கட்டளைகள் இல்லை. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு அவை இல்லாமல் தொடங்கவே தொடங்காது.

மறுப்பு: லினக்ஸ் போட்டால்?

பதில்: டெபியன் என்னும் லினக்ஸ் வகை ஓடும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2022இல் வந்த ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 9 அதே கட்டளைகளை எதிர்பார்க்கிறது. வாயில் ஒவ்வொன்றாக மூடிவரும் வீட்டுக்குப் புதுக் கதவு வாங்கச் சொல்ல மாட்டேன். கையில் ஏற்கெனவே இருக்கும் இ5450ஐப் பயன்படுத்துபவரைத் தடுக்கவும் மாட்டேன். சென்னை ரிச்சி தெருவில் அந்தத் தொகையோடு சற்றுச் சேர்த்து, பழைய நான்காம் தலைமுறைக் கணினி கிடைக்கிறதா என்று விசாரிப்பதே என் யோசனை.

கேள்வி: எச்61 போர்டில் ஜியான் இ3-1230 வி2 போட்டேன். விசிறி சுற்றுகிறது, திரை கறுப்பாகவே இருக்கிறது.

பதில்: அதில் உள்ளிணைந்த கிராபிக்ஸ் இல்லை. தனி கிராபிக்ஸ் கார்டு பொருத்தி, மானிட்டர் கம்பியை அதில் செருகுங்கள். இதுவும் மூன்றாம் தலைமுறைதான் என்பதால், பிறகும் படம் வராவிட்டால் பழைய பிராசசரை மீண்டும் பொருத்தி, பயாஸைப் புதுப்பியுங்கள். இதை முதல் பதிலிலேயே சொல்லியிருக்கிறேன். தயவுசெய்து மேலே படித்துவிட்டுக் கேளுங்கள்.