உமி, வைக்கோல், பருத்தி மார்: எரிக்கலாமா, வேண்டாமா? வாசகர் கேள்வி பதில்

பயிர்க்கழிவிலிருந்து எரிசக்தி எடுப்பது பற்றி வந்த கடிதங்களுக்கு, அரிசி ஆலைகளிலும் சர்க்கரை ஆலையிலும் பாய்லர் பொறுப்பாளராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் பதில் எழுதுகிறார்.

கேள்வி: ஐயா, சம்பா அறுவடை முடிந்ததும் வைக்கோலைக் கட்டு கட்டி மின் நிலையத்துக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று ஒரு ஏஜெண்ட் வந்து பேசினார். விலை குறைவுதான், ஆனால் வயல் சீக்கிரம் காலியாகும். கொடுத்துவிடலாமா? (மன்னார்குடி வாசகர்)

முன்பணம் வாங்குவதற்கு முன் மாடு வைத்திருப்பவர்களைக் கேளுங்கள். டெல்டா வைக்கோல் லாரி லாரியாகக் கேரளத்துக்கும் கொங்குப் பக்கமும் போவது தீவனத்துக்காகத்தான். கறவை வைத்திருப்பவர் கொடுக்கும் விலையை, எரிக்க வாங்குபவரால் பெரும்பாலும் கொடுக்க முடியாது. அவர் நிலக்கரி விலையோடு ஒப்பிட்டுத்தான் பேசுவார்.

அப்புறம் உங்கள் மண்ணின் கணக்கு. ஒரு டன் நெல் வைக்கோலில் தழைச்சத்து 5 முதல் 8 கிலோ, பொட்டாசியம் 12 முதல் 17 கிலோ இருக்கிறது. பயிர் உறிஞ்சும் பொட்டாசியத்தில் பெரும்பங்கு நெல்மணிக்குப் போவதில்லை, வைக்கோலில்தான் தங்குகிறது. வருஷா வருஷம் கட்டு கட்டி வெளியே அனுப்பினால் அவ்வளவையும் பொட்டாஷ் மூட்டையாகக் கடையில் வாங்கிப் போட வேண்டிவரும். ஏஜெண்ட் சொன்ன விலையில் அதைக் கழித்துவிட்டு மிச்சம் என்ன என்று பாருங்கள்.

பாய்லருக்கு வைக்கோல் ஏன் பிடிப்பதில்லை என்பதும் இதில்தான் இருக்கிறது. அதே பொட்டாசியம் உலைச் சூட்டில் சாம்பலைச் சீக்கிரம் உருக வைக்கும். உருகிய சாம்பல் வெல்லப்பாகு போலக் குழாய்களில் ஒட்டி, ஆறியதும் கல்லாகும். பாய்லரை நிறுத்தி, கடப்பாரை கொண்டுதான் பெயர்க்க வேண்டும். வைக்கோலில் உள்ள குளோரின் குழாயை அரிப்பது தனிக் கதை. டென்மார்க்கில் வைக்கோலை எரித்து ஊருக்கே வெந்நீர் அனுப்பும் நிலையங்கள் பல ஆண்டுகளாக ஓடுகின்றன என்று எடுத்துக்காட்டுவார்கள். அது கோதுமை, பார்லி வைக்கோல். அதில் சாம்பல் 5 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். நெல் வைக்கோலில் 15 சதவீதத்தையும் தாண்டும். அங்கே ஓடுவது இங்கே அப்படியே ஓடிவிடாது.

உளுந்து தெளித்திருந்தால் மட்டும் நான் வேறு மாதிரி சொல்வேன். அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால் தெளித்த விதை, மிஷின் கொட்டிப்போன வைக்கோல் வரிசைக்கு அடியில் வெளிச்சம் இல்லாமல் வெளுத்துப்போகும். அப்போது வைக்கோலை எடுத்தே ஆக வேண்டும். ஆனால் கட்டு கட்டும் டிராக்டர் தாமதமாக வந்தால் முளைத்த செடியை நசுக்கிவிடும். எந்த நாளில் வருவார்கள் என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எதுவுமே சரிப்பட்டு வராவிட்டாலும் தீ மட்டும் வைக்காதீர்கள். வைக்கோலில் உள்ள தழைச்சத்து கிட்டத்தட்ட முழுசாகப் புகையோடு போய்விடும். அந்தப் புகையைச் சுவாசிப்பது உங்கள் ஊர்க் குழந்தைகள்.

கேள்வி: பஞ்சாப் விவசாயிகள் ஏன் எச்சரித்தும் கேட்காமல் எரிக்கிறார்கள்? அங்கே இதிலிருந்து மின்சாரம் எடுக்க முடியாதா? (சென்னை வாசகி)

அவர்களுக்கு நேரம் இல்லை. நிலத்தடி நீரைக் காப்பாற்ற 2009இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. ஜூன் 10க்கு முன்னால் நடவு கூடாது என்றது. நல்ல நோக்கம்தான். ஆனால் அறுவடை அக்டோபர் கடைசிவரை தள்ளிப்போனது. கோதுமை விதைக்க இரண்டு மூன்று வாரம்தான் மிச்சம். அங்கே மாடுகளுக்குக் கோதுமை வைக்கோல் இருப்பதால், பாசுமதி தவிர மற்ற நெல் வைக்கோலைத் தேடுவாரும் குறைவு.

மாற்று ஏற்பாடுகள் நடக்காமல் இல்லை. சங்ரூர் மாவட்டம் லெஹ்ராகாகாவில் 2022 அக்டோபரில் திறந்த ஆலை, சாண எரிவாயு உண்டாகும் அதே முறையில் வைக்கோலை நொதிக்கவைத்து, நாளுக்கு 33 டன் எரிவாயு எடுக்கும் திறனோடு கட்டப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஹரியானாவின் பானிபட்டில் தொடங்கிய இந்தியன் ஆயில் ஆலையின் திட்டம், ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலிலிருந்து 3 கோடி லிட்டர் எத்தனால். நிலக்கரி அனல்மின் நிலையங்கள் 5 சதவீதம் பயிர்க்கழிவு வில்லைகளையும் கலந்து எரிக்க வேண்டும் என்று மத்திய மின்துறை 2021 அக்டோபரில் கொள்கை வகுத்தது.

மூன்றில் எரிவாயு வழிக்குத்தான் என் ஓட்டு. வாயு போன பிறகு மிஞ்சும் சேறு எருவாக வயலுக்கே திரும்புகிறது. பொட்டாசியம் நஷ்டமாவதில்லை.

கேள்வி: அரிசி ஆலை வைத்திருக்கிறேன். உமியில் ஓடும் சிறிய டர்பைன் போட்டால் கரண்ட் பில்லே வராது என்கிறார்கள். போடலாமா? சாம்பலை என்ன செய்வது? (வெள்ளக்கோவில் வாசகர்)

நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி. ஒரு டன் நெல் அரைத்தால் 200 கிலோ உமி, ஆலைக்குள்ளேயே, காய்ந்தபடி, ஒரே அளவில் வந்து விழுகிறது. இது பெரிய வரம். வயலில் கிடப்பதைப் பொறுக்கி, கட்டி, ஏற்றி, இறக்கும் செலவு உங்களுக்கு இல்லை. பயிர்க்கழிவு எரிசக்தி எங்கெல்லாம் நிலைத்து நின்றதோ அங்கெல்லாம் கழிவு தானாக ஓர் இடத்தில் சேர்ந்திருக்கிறது. உமி அரிசி ஆலையில், சக்கை சர்க்கரை ஆலையில், தொட்டி (சிரட்டை) தேங்காய்க் களத்தில். தேடிப் போய்ச் சேர்க்க வேண்டிய கழிவை நம்பிப் போட்ட மின் நிலையங்கள் எத்தனையோ எரிபொருள் விலை ஏறியதும் தடுமாறின. நான் பார்த்தவரை இதுதான் முதல் விதி.

இரண்டாவது, மின்சாரத்துக்கு முன் சூடு. சின்ன டர்பைனில் உமியின் வெப்பத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட மின்சாரமாகத் தேறாது. அதே உமியை நீராவிக்கு எரித்தால், ஒழுங்காகப் பராமரிக்கும் பாய்லரில் நான்கில் மூன்று பங்கு பயன்படும். நெல் அவிக்கவும் உலர்த்தவும் உங்களுக்கு வேண்டியது சூடுதான். முதலில் நீராவிக் குழாய்களுக்கு நல்ல உறை போடுங்கள், ஒழுகும் வால்வுகளை மாற்றுங்கள். அப்படி மிச்சமாகும் உமியை விற்றால் வரும் காசு, பல ஆலைகளில் டர்பைன் தரும் லாபத்தைவிட அதிகம். இரவு பகலாக ஓடும் பெரிய ஆலையென்றால் வேறு. அங்கே உயர் அழுத்த நீராவி முதலில் டர்பைனைச் சுற்றிவிட்டு, பிறகு நெல் அவிக்கப் போகலாம்.

சாம்பல் பற்றிக் கேட்டதற்குத் தனியாக நன்றி. பலர் கேட்பதே இல்லை. 100 கிலோ உமிக்கு 20 கிலோ அளவில் சாம்பல் வரும். அதில் பெரும்பகுதி, 85 சதவீதத்துக்கு மேல், சிலிக்கா. உருக்காலைகளில் உருகிய எஃகின் சூடு இறங்காமலிருக்க மேலே தூவ வாங்குகிறார்கள். சிமெண்ட் கலவையிலும் சேரும். ஆனால் அதிகச் சூட்டில் எரிந்த சாம்பலில் சிலிக்கா படிகமாகிவிடும். அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. சாம்பல் அள்ளுகிறவர்கள் பெரும்பாலும் முகத்தில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு வேலை செய்கிறார்கள். துண்டு போதவே போதாது. தண்ணீர் தெளித்து நனைத்த பிறகே அள்ளச் சொல்லுங்கள், சரியான முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள். டர்பைன் பற்றி யோசிப்பதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள்.

கேள்வி: பயிர்க்கழிவை எரித்தாலும் கரியமில வாயுதானே வருகிறது? (திருச்சி கல்லூரி மாணவர்)

வருகிறது. ஆனால் அது இந்த வருஷம் பயிர் காற்றிலிருந்து எடுத்த கரி. நிலக்கரியிலிருந்து வருவது பல கோடி ஆண்டுகளாகப் பூமிக்குள் இருந்தது. கழிவை 200 கிலோமீட்டர் லாரியில் ஏற்றிக் கொண்டுபோனால் டீசல் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் மகளிர் குழு பருத்தி மாரையும் (பருத்தி எடுத்த பின் நிற்கும் செடி) மக்காச்சோளத் தக்கையையும் (மணி உதிர்த்த கதிர்) வைத்து எரிகட்டி செய்யும் மிஷின் வாங்க நினைக்கிறது. கடன் கிடைக்கும் போலிருக்கிறது. துணிந்து இறங்கலாமா? (பெரம்பலூர் வாசகி)

பருத்தி மாரை எடுத்து எரிபொருளாக்குவது மிக நல்ல காரியம், அம்மா. காரணம் எரிசக்தி மட்டும் இல்லை. பருத்தி எடுத்து முடிந்த செடியைக் காட்டில் அப்படியே நிறுத்தினாலும், வரப்பில் போராகப் போட்டாலும், வெடிக்காத காய்களுக்குள் இளஞ்சிவப்புக் காய்ப்புழு உறங்கிக்கொண்டிருக்கும். அடுத்த பட்டத்தில் அதுதான் முதலில் எழுந்து வரும். மாரைப் பிடுங்கித் தூளாக்கி அழுத்திவிட்டால் புழுவும் ஒழியும், காடும் சுத்தமாகும். வைக்கோல் மாதிரி மாட்டின் வாயிலிருந்து பிடுங்குவதும் இல்லை.

மிஷினைப் பற்றி. பசை எதுவும் வேண்டியதில்லை. அழுத்தத்திலும் சூட்டிலும் மாரில் உள்ள லிக்னின் இளகி, அதுவே ஒட்டிக்கொள்ளும். ஆனால் ஈரம் சுமார் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கூடினால் கட்டி வெடித்து உதிரும். மார்கழிப் பனியில் இது பெரிய தொல்லை, அதனால் களமும் கூரையும் அவசியம். மாரைத் தூளாக்கத் தனி மிஷின் வேண்டும். மாரோடு மண்ணும் கல்லும் வந்தால் அச்சு சீக்கிரம் தேயும், அந்த உதிரிப் பாகச் செலவை யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். மின் இணைப்பின் சுமையையும் விசாரியுங்கள். கடனைவிட அது தாமதமாகும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் வாங்குகிறவரைப் பிடியுங்கள். சாயப்பட்டறை, பால் பண்ணை, செங்கல் சூளை என்று பாய்லரோ உலையோ வைத்திருக்கும் இரண்டு மூன்று பேரிடம் போய், மாதம் எத்தனை டன், என்ன விலை, எத்தனை நாளில் பணம் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். வேறு யாரிடமாவது கூலிக்கு அழுத்தி ஒரு லோடு அனுப்பிப் பாருங்கள். அந்த லோடுக்குப் பணம் ஒழுங்காக வந்தால் மிஷினுக்குப் போங்கள். மக்காச்சோளத் தக்கையை அழுத்தவே வேண்டாம். அது ஏற்கெனவே கெட்டியாக இருக்கிறது, காயவைத்து மூட்டை பிடித்தே விற்கலாம்.

கேள்வி: கரும்புச் சக்கையை எரிக்காமல் காகிதம் செய்வது மேல் இல்லையா? (கரூர் வாசகர்)

உங்கள் ஊரிலேயே அதற்குப் பதில் இருக்கிறது. புகளூர் காகித ஆலையான டிஎன்பிஎல், சக்கையிலிருந்து காகிதம் செய்ய என்றே தொடங்கப்பட்டது. 1984இல் உற்பத்தி ஆரம்பம். சர்க்கரை ஆலைக்குச் சக்கைதான் எரிபொருள். அதைக் கேட்டால் கொடுப்பார்களா? அதனால் சக்கையை வாங்கிக்கொண்டு, ஈடாக எரிபொருளோ நீராவியோ கொடுப்பது என்று ஏற்பாடு செய்தார்கள். புத்திசாலித்தனமான ஏற்பாடு. மரம் மிச்சமாகிறது, ஆனால் அந்தப் பக்கம் நிலக்கரி எரிகிறது என்பதையும் மறக்கக் கூடாது. 100 டன் கரும்பில் 30 டன் சக்கை, அதில் பாதி தண்ணீர். அரைவைக் காலம் முடிந்தால் அதுவும் நின்றுவிடும்.

கேள்வி: தென்னையில் எதை எரிக்கலாம்? (பொள்ளாச்சி வாசகர்)

தொட்டி, மட்டை, பாளை எல்லாம் எரிக்கலாம். நார்க்கழிவை மட்டும் வேண்டாம். தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும் பொருள் அது, நாற்றங்காலுக்குப் போகட்டும். தொட்டியைக் கரியாக்குவதில் நல்ல காசு உண்டு. ஆனால் காங்கேயம் பக்கம் திறந்த குழியில் சுட்டதால் ஊர்க்காரர்கள் பட்ட புகை அவஸ்தை எல்லோருக்கும் தெரியும். புகையைப் பிடித்து எரிக்கும் மூடிய சூளை இல்லாமல் யாரும் அந்தத் தொழிலில் இறங்கக் கூடாது.

கேள்வி: எங்கள் ஊராட்சித் தெருவிளக்குக்கு உமி வாயு எந்திரம் வைக்கலாமா? (செய்யாறு வாசகர்)

பீகாரின் மேற்குச் சம்பாரண் மாவட்டத்தில் தம்குஹா என்ற ஊரில் 2007இல் ஹஸ்க் பவர் நிறுவனம் இப்படித்தான், உமியை வாயுவாக்கி அதில் என்ஜின் ஓட்டி மின்சாரம் எடுத்துத் தொடங்கியது. மின்கம்பி போகாத ஊர்களுக்கு அது உண்மையிலேயே வெளிச்சம் கொடுத்தது. பிற்பாடு அவர்களே சூரிய ஒளியையும் சேர்த்துக்கொண்டார்கள். வாயுவோடு வரும் தார் என்ஜின் வால்வுகளில் ஒட்டும். வாயுவைக் கழுவிய கறுப்புத் தண்ணீரை ஓடையில் விட முடியாது. தினமும் ஓர் ஆள் பக்கத்தில் நிற்க வேண்டும். தெருவிளக்குக்கு மட்டும் என்றால் சோலார் போடுங்கள்.

கேள்வி: வைக்கோல் போர் தானாகத் தீப்பிடிக்குமா? யாரோ வைத்துவிட்டார்கள் என்று ஊரில் சண்டை. (திருத்துறைப்பூண்டி வாசகர்)

பிடிக்கும். ஈரத்தோடு அடுக்கினால் உள்ளே நுண்ணுயிர்கள் வேலை செய்து சூடு ஏறும். சூடு வெளியேற வழியில்லாவிட்டால் சில வாரங்களில் உள்ளே கருகத் தொடங்கும். நீளமான இரும்புக் கம்பியைப் போரின் நடுவரை செருகி, கொஞ்ச நேரம் கழித்து உருவித் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் ஆபத்து. அப்போது அவசரமாகப் போரைப் பிரிக்காதீர்கள். காற்றுப் பட்டதும் குப்பென்று பிடித்துக்கொள்ளும். முதலில் 101க்குப் போன் செய்து, வண்டி வந்து நின்ற பிறகு பிரியுங்கள்.