ஆலன் ஷியரரின் கிளப் வாழ்க்கை: கேள்வி பதில்

சவுத்தாம்ப்டன், பிளாக்பர்ன், நியூகாசில். இந்த மூன்று கால்பந்து கிளப்களில் இங்கிலாந்து வீரர் ஷியரர் ஆடிய ஆண்டுகளைப் பற்றி எதுவும் கேட்கலாம். இங்கிலாந்து அணிக்காக ஆடியது இன்னொரு நாளைக்கு. ஒரு வேண்டுகோள்: அவர் அடித்தது 260 கோல் என்று எழுதும்போது ‘பிரீமியர் லீகில்’ என்று சேர்த்து எழுதுங்கள். 1992-இல் பிரீமியர் லீக் வருவதற்கு முன்பும் இங்கிலாந்தில் முதல் டிவிஷன் என்ற உயர்மட்ட லீக் இருந்தது.

புதுமழை: நியூகாசில் பையன் சவுத்தாம்ப்டனுக்கு எப்படிப் போனார்? அங்கே கோல் கணக்கு குறைவாக இருக்கிறதே?

வால்ஸெண்ட் பாய்ஸ் கிளப்பில் ஆடிய பையனைப் பார்த்து சவுத்தாம்ப்டனுக்குச் சொன்னவர் ஜாக் ஹிக்சன். வீரர்களைத் தேடி அலைவதுதான் அவர் வேலை. பையன் நாட்டின் வடக்கிலிருந்து தென்கடற்கரைக்குப் போனான். 1988 ஏப்ரல் 9 அன்று ஆர்சனலுக்கு எதிராக முதன்முறையாகத் தொடக்கத்திலிருந்தே இறங்கி மூன்று கோல் அடித்தார், ஆட்டம் 4-2. வயது 17. முதல் டிவிஷனில் ஹாட்ரிக் அடித்த மிக இளையவர் என்ற ஜிம்மி கிரீவ்ஸின் பெயரை அன்று எடுத்துக்கொண்டார்.

ஆனால் சவுத்தாம்ப்டனில் மொத்தம் 118 லீக் ஆட்டங்களில் 23 கோல்தான். கோல் அடிக்க மாட் லெ டிசியேவும் ராட் வாலஸும் இருந்தார்கள். ஷியரர் முதுகில் தடுப்பாட்டக்காரரைச் சுமந்தபடி பந்தை வாங்கி மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். பின்னாளில் நியூகாசிலில் கைகொடுத்தது இந்தப் பாடம்தான். அதனால் இந்த 23 கோலைத் தள்ளிவிட்டுப் பேசுபவர்களிடம் எனக்குக் கோபம் வரும்.

பத்தாம்நம்பர்: பிளாக்பர்ன் பணத்தால் வாங்கிய கோப்பைதானே 1995 லீக்?

எஃகு வியாபாரத்தில் சம்பாதித்த ஜாக் வாக்கர் தன் ஊர் கிளப்பில் பணத்தைக் கொட்டினார், உண்மை. 1992-இல் ஷியரருக்குக் கொடுத்தது 30 லட்சம் பவுண்டுக்கு மேல், அன்று பிரிட்டனில் சாதனை விலை. ஆனால் பணம் கிராஸ் போடாது. மேலாளர் கென்னி டால்கிலிஷ் இரண்டு பக்கமும் ரிப்லியையும் வில்காக்ஸையும் நிறுத்தினார். அவர்கள் ஓரத்திலிருந்து அனுப்ப, ஷியரர் நடுவில் முடித்தார். 1994-95-இல் 42 ஆட்டத்தில் 34 கோல். கடைசி நாளில் லிவர்பூலிடம் 2-1 என்று தோற்றார்கள். வெஸ்ட் ஹாமில் மான்செஸ்டர் யுனைட்டெட் 1-1 என்று சமன் செய்ததால் 89-க்கு 88 என்ற ஒரே புள்ளி வித்தியாசத்தில் கோப்பை பிளாக்பர்னுக்குக் கிடைத்தது. லிவர்பூல் மைதானமான ஆன்ஃபீல்டில் பிளாக்பர்னின் அந்த ஒரு கோலும் ஷியரருடையது.

சிவப்புச்சட்டை: மான்செஸ்டர் யுனைட்டெட் இரண்டு முறை கேட்டும் போகவில்லையே, ஏன்?

1992-இல் டால்கிலிஷின் திட்டத்தை நம்பினார். 1996-இல் சொந்த ஊரும் நியூகாசில் மேலாளர் கெவின் கீகனும் அழைத்தார்கள். ஒன்றரைக் கோடி பவுண்டு, அன்று உலகச் சாதனை விலை. நியூகாசிலில் 9-ஆம் எண் சட்டை என்றால் அந்தக் கிளப்பின் பழைய கோல் வீரர் ஜாக்கி மில்பர்ன் போட்ட சட்டை. அதற்காக லெஸ் ஃபெர்டினாண்ட் தன் எண்ணை விட்டுக்கொடுத்தார்.

நிலாமுற்றம்: காயங்கள் அவர் ஆட்டத்தை எவ்வளவு மாற்றின?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். ஷியரர் என்ற பெயரில் இரண்டு வீரர்களைப் பார்த்திருக்கிறோம்.

முதல் காயம் 1992 டிசம்பரில். லீட்ஸுக்கு எதிரான ஆட்டத்தில் முழங்கால் தசைநார் கிழிந்தது. அதுவரை 21 லீக் ஆட்டத்தில் 16 கோல் அடித்திருந்தார். பலருக்கு அந்தக் காயத்தோடு கதை முடிந்துவிடும். இவர் திரும்பி வந்து 31, 34, 31 என்று அடுத்தடுத்து மூன்று சீசன் அடித்தார். அப்போதைய ஷியரர் ஓடுவார். தடுப்பாட்டக்காரரின் தோளுக்குப் பின்னால் பாய்ந்து, பந்து தரையில் இருக்கும்போதே அறைவார்.

1997 ஜூலையில் எவர்டன் மைதானத்தில் ஒரு முன்னோட்டப் போட்டி. பந்துக்காகக் காலை நீட்டியபோது பூட்ஸ் புல்லில் மாட்டிக் கணுக்கால் உடைந்தது. 1998 ஜனவரி வரை வெளியே. அந்த சீசனில் 17 லீக் ஆட்டம், 2 கோல். முந்தைய சீசனில் 31 ஆட்டத்தில் 25 அடித்தவர்! வந்தபோது அந்தப் பாய்ச்சல் குறைந்திருந்தது. அதனால் உடம்பைக் குறுக்கே வைத்துப் பந்தைக் காப்பது, தலையால் முட்டுவது, எதிராளியைத் தவறு செய்யவைப்பது என்று மாறினார். அந்த மாற்றம் சுலபமாக வரவில்லை. 1999 ஆகஸ்டில் பக்கத்து ஊர் எதிரியான சண்டர்லாந்துக்கு எதிராக மேலாளர் ரூட் குலிட் அவரை பெஞ்சில் உட்கார வைத்தார். கொட்டும் மழையில் 2-1 தோல்வி, சில நாளில் குலிட் போய்விட்டார்.

வந்தவர் பாபி ராப்சன், வயது 66. கோலுக்கு முதுகைக் காட்டியே நிற்காதே, திரும்பி ஓடு என்று சொல்லிக்கொடுத்தார். செப்டம்பரில் ஷெஃபீல்ட் வெட்னஸ்டேயை 8-0 என்று வென்றார்கள், ஐந்து கோல் ஷியரருடையது. 2003-04-இல், 33 வயதில், 22 லீக் கோல். அந்த 22-ஐ நான் 1995-இன் 34-க்கு மேலே வைப்பேன். வேகம் இருந்தபோது அடித்தது ஒன்று, வேகம் போன பிறகு மூளையால் அடித்தது வேறு.

கணக்குப்பிள்ளை: 260-இல் பெனால்டி எத்தனை? இங்கிலாந்து வரலாற்றிலேயே அதிக கோல் இவர்தானே?

பெனால்டி 56. அவற்றைக் கழித்தாலும் 204. பெனால்டியே அதிகம் அடிக்காத ஆண்டி கோல் என்ற வீரரின் மொத்தம் 187. வரலாறு பற்றி: இல்லை. முதல் டிவிஷனையும் சேர்த்தால் ஷியரருக்கு 283, கிரீவ்ஸுக்கு 357. மேலே முதலிலேயே சொன்னேன்.

வெள்ளைப்புறா: யுனைட்டெட்டுக்கு ஏன் போகவில்லை?

மேலே இருக்கிறது.

சிவப்புச்சட்டை: உங்கள் பதில் எனக்குப் போதவில்லை. போயிருந்தால் அரை டஜன் லீக் பதக்கம். நியூகாசிலில் பத்து வருடம், ஒரு கோப்பை இல்லை. அந்தப் பத்து வருடம் வீண்.

வீண் என்ற சொல்லை ஏற்க மாட்டேன். 1998, 1999 எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டி இரண்டிலும் தோல்விதான், இரண்டும் 2-0. மறைக்கவில்லை. ஆனால் 1997 பிப்ரவரியில் லெஸ்டரிடம் 3-1 என்று பின்தங்கியபோது கடைசிப் பதினைந்து நிமிடத்துக்குள் மூன்று கோல் அடித்து 4-3 ஆக்கினாரே, அன்று மைதானத்தில் இருந்தவரிடம் கேளுங்கள்.

நிலாமுற்றம்: சிவப்புச்சட்டை சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பதக்கம் இல்லாமல் ஒரு வீரரை எதை வைத்து அளப்பது?

அளவுகோல் அவருடையதாக இருக்க வேண்டும். இளம் வயதில் அவர் விரும்பியது அந்தச் சட்டையில் கோல் அடிப்பது. 2006 பிப்ரவரி 4 அன்று போர்ட்ஸ்மவுத்துக்கு எதிராக 201-ஆம் கோல், மில்பர்னின் 200 தாண்டப்பட்டது. மொத்தம் 206. மான்செஸ்டரில் பத்துப் பேரில் ஒருவராக இருந்திருப்பார், நியூகாசிலில் மைதானத்துக்கு வெளியே சிலையாக நிற்கிறார்.

சிவப்புச்சட்டை: சிலை வேறு, கோப்பை வேறு.

ஆம், வேறுதான். இரண்டில் எது வேண்டும் என்பதில் நீங்களும் நானும் ஒத்துப்போக மாட்டோம்.

இளந்தளிர்: ஹாரி கேன் முந்தியிருப்பாரா?

2023-இல் ஜெர்மனியின் பயர்ன் கிளப்புக்குப் போனபோது பிரீமியர் லீகில் 213. சமன் செய்யவே இன்னும் 47 வேண்டும், முந்த 48.

காற்றாடி: யூரோ 96 பற்றி...

இன்னொரு நாளைக்கு.

தென்றல்வழி: யுனைட்டெட் வேண்டாம் என்றதற்கு வருந்தினாரா?

மூன்றாவது முறை. மேலே படியுங்கள், அடுத்த கேள்வி.

மணற்கேணி: கடைசி கோல் எது?

2006 ஏப்ரல் 17, சண்டர்லாந்து மைதானம், பெனால்டி. அதே ஆட்டத்தில் முழங்கால் அடிபட்டு வெளியேறினார். ஆட்டம் 4-1. நியூகாசில்காரருக்குக் கடைசி கோலை எங்கே அடிக்க வேண்டும் என்று கேட்டால் இந்த இடத்தைத்தான் சொல்வார்கள். வலது கையை உயர்த்தி, உள்ளங்கையை விரித்துக்கொண்டு ஓடினார், வழக்கம்போல.