கேள்வி–பதில்: நரம்புச் சிலந்தியும் ஜிம்மி கார்ட்டரும்

கேள்வி: பழைய வைத்தியர்கள் சொன்ன நரம்புச் சிலந்தியும், அமெரிக்க முன்னாள் சனாதிபதி கார்ட்டர் ஒழிக்கப் பாடுபட்ட கினிப் புழுவும் ஒன்றா? மருந்தே இல்லாத நோயை எப்படிக் குறைத்தார்கள்?
— வாசகி, உரும்பிராய்

பதில்: ஒன்றேதான். 1980 தேர்தலில் தோற்ற கார்ட்டர் ஊருக்குத் திரும்பியபோது, அவருடைய கச்சான் பண்ணை ஏறக்குறைய 10 இலட்சம் டொலர் கடனில் கிடந்தது. 1982இல் மனைவி ரோசலினுடன் கார்ட்டர் நிலையம் என்ற தொண்டு நிறுவனத்தைத் தொடங்கினார். 1986இல் இந்தப் புழுவைக் கையிலெடுத்தபோது நோயாளிகள் ஆண்டுக்குச் சுமார் 35 இலட்சம் பேர்.

குளத்து நீரிலுள்ள நீர்த்தெள்ளு என்ற மிகச் சிறிய உயிரிக்குள் இந்தப் புழுவின் குடம்பி (இளம் பருவம்) இருக்கும். குடித்தால் உடம்புக்குள் ஓராண்டில் மூன்றடி வரை வளர்ந்து, பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே கொப்புளமாக வெடித்து வெளிவரும். எரிவு தாங்காமல் காலைத் தண்ணீரில் வைத்ததும் இலட்சக்கணக்கான குடம்பிகளைக் கக்கும். ஊரே அந்த நீரைத்தான் குடிக்கும். ஆள் இறங்கும் படிக்கிணறும் குளமும்தான் ஆபத்து; துலாவில் அள்ளும் நம்மூர்க் கிணற்றில் ஒருவர் காலும் படுவதில்லை.

வெளிவந்த நுனியைக் குச்சியில் சுற்றி, நாளுக்குச் சில சென்ரிமீற்றராக எடுக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் அறுந்து, உள்ளே நின்ற துண்டு சீழ் வைக்கும்.

கேள்வி: அப்படியானால், நோய் வராமல் தடுக்கக் குடிநீரைத் துணியில் வடித்தாலே போதுமா?
— அதே வாசகி

பதில்: போதும், சரியாக வடித்தால். பருத்தித் துணி சீக்கிரம் அடைத்துவிடும். பொறுமையிழந்தவர்கள் வடிக்காமலே குடித்தார்கள். அதனால் நெருக்கமாக நெய்த நைலான் வலை கொடுக்கப்பட்டது. எப்போதும் ஒரே பக்கம் மேலிருக்க வேண்டும். புரட்டிப் போட்டால், முன்பு சிக்கிய தெள்ளு குடத்துக்குள் கழுவப்பட்டுவிடும். சின்னக் கிழிசல் இருந்தாலும் பயனில்லை. மாடு மேய்ப்பவர்களுக்குக் கழுத்தில் தொங்கவிடும் வடிகுழாய். குளங்களுக்கு மாதம் ஒருமுறை தெள்ளைக் கொல்லும் மருந்து.

1995இல் சூடானில் போரிட்ட இரு தரப்பையும் கார்ட்டர் இணங்கவைத்தார். கிட்டத்தட்ட ஆறு மாதம் துப்பாக்கி ஓய்ந்திருக்க, வடிகளோடு ஊழியர்கள் கிராமங்களுக்குள் போனார்கள். அதே ஆண்டில் போரால் யாழ்ப்பாணத்து வலிகாமத்தை விட்டு இடம்பெயர்ந்து நடந்த நமக்கு அந்த ஆறு மாதத்தின் பெறுமதி தெரியும்.

தனக்கு முன் கடைசிப் புழு சாக வேண்டும் என்று 2015இல் சொன்னவர், 2024 டிசம்பர் 29இல் 100 வயதில் காலமானார். அந்த ஆண்டில் உலகம் முழுவதும் 15 நோயாளிகள். சாட் நாட்டில் நாய்களிலும் புழு இருப்பதால் வேலை முடியவில்லை. அங்கே இப்போது குளத்தில் இறங்காதபடி நாயைக் கட்டிவைக்கிறார்கள், நாய் தின்னாதபடி மீன் குடலை மண்ணில் புதைக்கிறார்கள்.